மாப்பிள்ளை ஓட்டிய லாரி

1

போன சனிக்கிழமை எழுமலையிலிருந்து அண்ணன் போன் செய்தார். அவர் மகன் கார்த்திக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டதாம். பெண் மதுரை, கோச்சடைப் பக்கம், வங்கியில் வேலை. சந்தோஷமான செய்திதான். தாலி கட்டி முடிந்ததும் மணமக்களைத் தன்னுடைய பழைய லாரியில் ஏற்றி, மலைமேல் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலுக்கு அழைத்துப் போவார்களாம். இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அடுத்து அவர் சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை.

“லாரிய நம்ம மாப்பிள்ளதான் ஓட்டணும் தாயி. ஊர்ல எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன்.”

நம்ம மாப்பிள்ளை என்றால் என் கணவர் செல்வம். எங்கள் வீட்டில் பெண்ணெடுத்த ஒரே மாப்பிள்ளை. அமெரிக்க மாப்பிள்ளை வேறு. போன வருடம் இதே மாப்பிள்ளை, இதே லாரியை, இதே மலையிலிருந்து இறக்கிய அழகை லாரியில் இருந்த அத்தனை பேரும் பார்த்தோம். உயிரோடு திரும்பிய புண்ணியத்தால் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கல்லூரி விடுதியில் இருக்கும் என் மகள் யாழினிக்குச் செய்தியைச் சொன்னேன். எதைச் சொன்னாலும் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு ஒதுங்குகிறவள், அன்றைக்கு எழுத்தில் பதில் போட்டாள். “அப்பா ஓட்டினா நான் வரல. பேசாம உக்காந்து பாக்க என்னால முடியாது. நீ மாமாகிட்ட சொல்லு.”

சொல்லு என்று சொல்ல எவ்வளவு சுலபமாக இருக்கிறது இவளுக்கு!

2

நாங்கள் இருப்பது கொலராடோவில், மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊர். இங்கே மனிதர்களுக்குப் பொழுது போகாவிட்டால் மலையேறுவார்கள். ஏறியும் போகாவிட்டால், ஓடாத வண்டி ஒன்றை வாங்கி அதையும் மலையேற்றுவார்கள். பக்கத்து வீட்டு டேவ் இந்த இரண்டாவது ரகம். அவரிடம் பிளாட்ஹெட் எஞ்சின் வைத்த ஒரு பழைய பிக்கப் லாரி இருக்கிறது.

பிளாட்ஹெட் என்றால் என்ன என்று நான் கேட்டதே இல்லை. என் கணவரே சோற்றைப் பிசைந்துகொண்டு ஒரு வருடம் பாடம் நடத்தினார். இப்போதைய எஞ்சினில் வால்வுகள் மேலே இருக்குமாம். அந்தக் காலத்து எஞ்சினில் பக்கவாட்டில் கீழே அடங்கிவிடுமாம். தலை என்று மேலே இருப்பது வெறும் தட்டையான மூடியாம். இட்லிக் கொப்பரை மூடி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடும் கொப்பரை மாதிரியே ஏறும். மலை ஏற்றத்தில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகி, எஞ்சின் மூச்சடைத்து நின்றுவிடும். அதற்கு டேவ் பார்க்கும் வைத்தியம், துணி காயப்போடும் மரக்கிளிப்புகளை அந்தக் குழாய் நெடுக மாட்டிவிடுவது. என் கிளிப்புகள் அப்படித்தான் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. கொல்லையில் கொடி கட்டித் துணி காயப்போட்டால் அவமானம் என்று எங்கள் குடியிருப்போர் சங்கம் எனக்குக் கடிதம் போடும். டேவ் விடுகிற புகையைப் பற்றி அந்தச் சங்கம் வாயே திறக்காது.

டேவைப் போலப் பழைய வண்டி வைத்திருக்கும் கூட்டம் ஒன்று சனிக்கிழமை காலையில் வரிசையாக மலை நெடுஞ்சாலையில் ஏறும். எல்லாம் டேவ் வயதுக்காரர்கள். எல்லார் தலையிலும் ஒரு தொப்பி. பின்னால் வருகிற நல்ல வண்டிகள் எல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஊர்ந்து வரும். மழை வந்தால் இன்னும் கூத்து. அந்த வண்டிகளின் வைப்பர் எஞ்சின் உறிஞ்சும் காற்றில் ஓடுவது. ஏற்றத்தில் எஞ்சின் திணறும்போது வைப்பர் நின்றுவிடும். அதாவது எப்போது வேண்டுமோ அப்போது இருக்காது. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நம் ஊரில் இப்படி ஒரு டவுன் பஸ் ஓடினால் மறியல் நடக்கும். உச்சிக்குப் போனதும் அத்தனை பேரும் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பிறந்த குழந்தையைப் பார்ப்பது போல எட்டி எட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். இவ்வளவுதான் விஷயம். இதற்குப் பெயர் சுதந்திரமாம்.

இந்தக் கூட்டத்தில் என் கணவருக்குச் சொந்த வண்டி கிடையாது. டேவ் பக்கத்தில் உட்கார்ந்து போவார். ஏற்றத்தில் மட்டும் டேவ் இவரை ஓட்ட விடுவார். உச்சி வந்ததும் டேவ் கதவைத் திறந்து, “இறக்கத்துக்கு நான். உனக்கு இன்னும் கை வரவில்லை” என்று ஆங்கிலத்தில் முகத்துக்கு நேரே சொல்வார். இவரும் சிரித்துக்கொண்டே நகர்ந்து உட்காருவார். அதே வார்த்தையை என் அண்ணன் சொல்லியிருந்தால் இரண்டு வீட்டுக்கும் ஒரு வருடம் பேச்சு நின்றிருக்கும். விடுமுறையில் யாழினியும் சில தடவை பின்னால் ஏறிப் போயிருக்கிறாள். ஒவ்வொரு இறக்கத்திலும் டேவ் ஒரே பாட்டைத்தான் பாடுவாராம்: எந்தக் கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு, இறக்கம் ஆரம்பிக்கும் முன்பே அதைப் போட்டுவிடு, வேகம் பிடித்த பிறகு போட்டால் இந்தக் கிழட்டு வண்டியில் விழாது.

மகள் கேட்டுக்கொண்டாள். அப்பாவுக்கு அப்போது ஜன்னலில் மலை தெரிந்திருக்கிறது.

3

என் அண்ணனும் டேவுக்குச் சளைத்தவர் அல்ல. உசிலம்பட்டியில் சிமெண்ட் கடை. நல்ல வியாபாரம். அதோடு நின்றிருக்கலாம். தேயிலை எஸ்டேட் ஒன்றில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு பிளாட்ஹெட் லாரியை ஏலத்தில் எடுத்து, மதுரையில் ஒரு பட்டறையில் போட்டு, கிளிப்பச்சை பெயிண்ட் அடித்து, முன்னால் ‘குலசாமி துணை’ என்று எழுதி வைத்திருக்கிறார். பதிவுப் புத்தகம் இல்லாத வண்டிக்குப் புத்தகம் வாங்க அவர் அலைந்த அலைச்சலை ஒவ்வொரு போனிலும் கேட்டிருக்கிறேன். எஞ்சின் நம்பர் எங்கே என்று ஆபீசில் கேட்டார்களாம்; இவர் காட்டினாராம்; இது நம்பர் மாதிரி இல்லையே என்றார்களாம். கடைசியில் சரக்கு வண்டி என்று பதிவாயிற்று. சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது. அதை எங்கள் வீட்டில் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நானும் அண்ணனைக் கேலி பேச யோக்கியதை உள்ளவள் அல்ல என்பீர்கள். யாழினியின் வெளிநாட்டு இந்தியர் அட்டையைப் புதுப்பிக்க அவள் கையெழுத்தைப் படம் பிடித்து இணையத்தில் நானும்தான் திரும்பத் திரும்ப ஏற்றினேன். கையெழுத்து பெட்டிக்கு வெளியே போகிறது என்றார்கள். சின்னதாகப் போட்டால் தெரியவில்லை என்றார்கள். “நான் என்ன செத்தா போயிட்டேன், எதுக்கு இவ்வளவு சந்தேகம்?” என்று அவள் கேட்டாள். ஊருக்குப் போக அவளுக்கு இருந்த கொஞ்ச ஆசையும் அந்தப் பெட்டிக்குள்ளேயே அடங்கிவிட்டது.

சரி, மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். எழுமலையில் எங்கள் வீட்டு மாப்பிள்ளை என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முதல் இலை அவருக்கு. அவர் கை நனைக்கும்வரை யாரும் சோற்றைத் தொடக் கூடாது. வண்டியில் முன்சீட்டு அவருக்கு. குழம்பில் உப்பு குறைவு என்று அவர் சொன்னால், எல்லார் நாக்கும் கரித்துக்கொண்டிருந்தாலும் இன்னும் ஒரு கை உப்பு விழும். அவர் பேசும்போது குறுக்கே பேசக் கூடாது. முக்கியமாக, அவர் செய்வது தப்பு என்று சொல்லக் கூடாது. சொன்னால் முறுக்கிக்கொண்டு போய்விடுவார்; அப்புறம் நாலு பேர் போய்க் கெஞ்சிக் கூத்தாடி அழைத்து வர வேண்டும். வண்டியூரில் பள்ளி வாத்தியார் வீட்டில் ஒழுங்காகப் பிறந்து வளர்ந்த என் கணவர், எங்கள் வாசல்படியை மிதித்ததும் ராஜாவாகிவிடுவார். அமெரிக்காவில் தன் தட்டைத் தானே கழுவுகிறவர், எழுமலையில் தண்ணீர்ச் செம்பு எட்டும் தூரத்தில் இருந்தாலும் என் முகத்தைப் பார்ப்பார்.

போன வருடம் கோயிலில் கிடாவெட்டு என்று போயிருந்தோம். வீட்டு வாசலில் அண்ணன் லாரியைக் காட்டினார். இவர் பானெட்டைத் திறந்தார். “பிளாட்ஹெட்! நான் அங்க மலையில இதத்தான் மச்சான் ஓட்டுறேன்” என்றார். இறக்கத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவ்வளவுதான், அண்ணன் சாவியை எடுத்து இரண்டு கையாலும் கொடுத்துவிட்டார்.

“அப்புறம் என்ன? இன்னைக்கு நீங்கதான் மாப்பிள்ள ஓட்டுறீக!”

4

எழுமலையைத் தாண்டி மல்லப்புரம் பக்கம் போனால் சாலை மலை ஏறும். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. சூட்டில் எஞ்சின் இரண்டு தடவை நின்றது. இவர் இறங்கி, என் மதினியிடம் துண்டு வாங்கி நனைத்துப் பெட்ரோல் குழாயில் சுற்றினார். மதினி என்றால் அண்ணனுடைய மனைவி. “எம்புட்டு வெவரம் பாருங்க!” என்று அண்ணன் பூரித்துப் போனார். வழியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி லைசென்ஸ் கேட்டார். இவருடைய இந்திய லைசென்ஸ் எப்போதோ காலாவதியாகிவிட்டது. “எங்க வீட்டு மாப்பிள்ள சார், அமெரிக்கா” என்றார் அண்ணன். லைசென்ஸ் கேட்டதற்கு இது எப்படிப் பதில் என்று எனக்குப் புரியவில்லை. போலீஸ்காரருக்குப் புரிந்துவிட்டது, கையைக் காட்டிப் போகச் சொன்னார்.

கிடா வெட்டி, பொங்கி, சாப்பிட்டு இறங்கினோம். முன்னால் இவரும் அண்ணனும். பின்னால் நான், மதினி, கார்த்தி, யாழினி, மிச்சக் கறிக்குழம்பு இருந்த அண்டா. டிரைவர் அறைக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த ஜன்னலில் கண்ணாடி கிடையாது. உள்ளே பேசுவது எல்லாம் கேட்கும்.

முதல் வளைவிலேயே யாழினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். “அம்மா, அப்பா டாப் கியர்ல இறங்குறாரு” என்றாள். “சும்மா இரு” என்றேன். இரண்டாவது வளைவில் வாடை வந்தது, ரப்பர் கருகுவது போல. கார்த்தி மூக்கைச் சுளித்து என்னைப் பார்த்தான். மதினி அண்டாவைப் பார்த்தார். நான் சாலையைப் பார்த்தேன். 

உள்ளே அண்ணன் குரல் கேட்டது. “மாப்பிள்ள, நல்லாத்தான் ஓட்டுறீக. கொஞ்சம் மெதுவாப் போவமா?”

“பிரேக் புடிச்சுக்கிட்டுத்தான் மச்சான் இருக்கேன்.”

“ஆமாமா, புடிச்சுத்தான் இருக்கீக.”

யாழினி எழுந்து டிரைவர் அறையின் கூரையை இரண்டு கையாலும் தட்டினாள். “அப்பா! பர்ஸ்ட் கியர் போடு! இப்பவே போடு!” என்று அலறினாள். இவர் போட்டார். இரும்பு அரைபடும் சத்தம் கேட்டது. கியர் விழவில்லை. இருந்த கியரும் கழன்றுவிட்டது. வண்டிக்கு அப்போதுதான் உண்மையான சுதந்திரம் கிடைத்தது.

கை பிரேக் இரண்டு பேருக்கும் நடுவில், அண்ணனின் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. “மாமா, அத இழு!” என்றாள் யாழினி. சத்தியமாகச் சொல்கிறேன், என் அண்ணன் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து, “நான் கை வைக்கலாமா மாப்பிள்ள?” என்று கேட்டார்.

“அப்பா, மலைப் பக்கம் திருப்பு! மலைப் பக்கம்!”

இவர் திருப்பினார். லாரி மலையை ஒட்டிய வாய்க்காலில் ஒரு சக்கரத்தை இறக்கி, பாறையில் உரசிக்கொண்டே போய் நின்றது. மறுபக்கம் திருப்பியிருந்தால் கீழே மரங்களின் உச்சிதான். கறிக்குழம்பு முழுவதும் எங்கள் மேல் இருந்தது. மதினியின் மணிக்கட்டு மடங்கி உடைந்துவிட்டது. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, வலியில் முகம் வெளுத்துப் போய், மதினி கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே?”

5

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு விசாரணை நடந்தது. நேர்த்திக்கடன் ஏதோ பாக்கி இருப்பதால் சாமி கோபித்துக்கொண்டது என்று முதலில் முடிவானது. அப்புறம் பட்டறைக்காரன் பிரேக்கைச் சரியாக வைக்கவில்லை என்றார்கள். அப்புறம் மதினி அண்டாவைப் பிடித்திருந்த விதம் சரியில்லை என்று மதினியே ஒப்புக்கொண்டார். கடைசியில் எல்லாரும் ஏகமனதாக வந்து நின்ற இடம் என் மகள்.

“சின்னப்புள்ள அந்தக் கத்து கத்துனா ஓட்டுறவருக்குக் கை நடுங்காதா?” என்றார் அண்ணன். “அப்பாவ எல்லாரும் பாக்க ‘போடு, திருப்பு’ன்னு அதட்டலாமா? மாப்பிள்ள மனசு என்ன பாடுபட்டிருக்கும்?”

யாழினி எல்லாரையும் ஒரு சுற்று பார்த்தாள். அவளுக்குத் தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். எழுமலைக்கு வந்தால் ‘வாங்க’ என்பதற்கும் ‘வா’ என்பதற்கும் இடையில் பாதி நேரம் திண்டாடுவாள். அன்றைக்குத் தடுமாறவில்லை.

“நீங்க எல்லாரும் மரியாதையா சாகப் போனீங்க” என்றாள்.

எழுந்து உள்ளே போய்விட்டாள். மறுநாள் காலை மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்து மரியாதை செய்தார்கள், மனக்கஷ்டம் தீர. என் கணவர் அதை வாங்கிக் கட்டிக்கொண்டார். எனக்கு அந்த மனிதரைப் பார்க்கவே பிடிக்கவில்லை. என் அண்ணனையும் பிடிக்கவில்லை. எல்லாம் தெரிந்தும் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருந்த என்னைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விமானத்தில் யாழினி எங்களிடமிருந்து தள்ளி, வேறு இருக்கை கேட்டு வாங்கிக்கொண்டாள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் கையை விட்டுப் போகிறார்கள் என்று இங்கே நம் ஆட்கள் பொங்கல் விழாவுக்குப் பொங்கல் விழா கூட்டம் போட்டு மூக்கைச் சிந்துகிறார்கள். தமிழ் வகுப்பு வைத்தால் சரியாகிவிடுமாம். என் பெண்ணைத் தள்ளிவிட்டது தமிழ் தெரியாதது அல்ல. அன்றைக்கு அவளுக்கு நாங்கள் பேசியது எல்லாம் நன்றாகப் புரிந்தது.

6

ஆகக் கூடி இப்போது மறுபடியும் அதே லாரி, அதே மலை. பின்னால் மாலையும் கழுத்துமாகக் கார்த்தியும் அந்த வங்கிப் பெண்ணும் நிற்கப் போகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு எங்கள் வீட்டு மரியாதையைப் பற்றி என்ன தெரியும், பாவம். இந்த வாரம் முழுக்க என் கணவர் கல்யாணத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. வாய் ஓயாத பிளாட்ஹெட் பாடத்தையும் காணோம். மாப்பிள்ளை முறுக்கு இங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று காலை அண்ணனை நானே அழைத்தேன். கையெல்லாம் தோசை மாவு. போனை ஸ்பீக்கரில் போட்டு அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். பத்திரிகை, மண்டபம், சமையல்காரர் என்று அண்ணன் பேசிக்கொண்டே போனார். என் கணவர் காபி டம்ளரோடு சமையலறைக்குள் வந்தார். அவரைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிடலாமா என்று பார்த்தேன். அப்புறம் யாழினியை நினைத்துக்கொண்டேன். அவர் நிற்கும்போதே சொல்லிவிட்டேன்.

“அண்ணே, அவரு லாரி ஓட்ட வேணாம். அவருக்கு எறக்கத்துல ஓட்டத் தெரியாது.”

 இவர் கையிலிருந்த டம்ளர் நடுவழியில் நின்றது.

“தெரியும் தாயி” என்றார் அண்ணன்.

“என்னண்ணே தெரியும்?”

“மொத வளைவுலயே தெரிஞ்சுபோச்சு. பிரேக்கு வாடை மூக்கத் தொளச்சுச்சுல்ல.”

“பின்னாடி மதினியும் கார்த்தியும் இருந்தாங்களே!”

“இருந்தாக. அதுக்காக மாப்பிள்ளய எறங்குங்கன்னு எப்படித்தா சொல்றது?”

எனக்கு வந்த ஆத்திரத்தில் கரண்டியை எங்கே வைத்தேன் என்றே தெரியவில்லை. “அம்புட்டும் தெரிஞ்சும் இப்ப எதுக்கண்ணே மறுபடியும் அவரையே ஓட்டச் சொல்றீங்க? பெத்த பிள்ள கல்யாணத்துக்கு?”

“போன தடவ ஓட்டுனவர இந்தத் தடவ வேணாம்னு சொன்னா, அன்னைக்கு நடந்ததுக்கு அவரக் கொற சொன்ன மாதிரி ஆயிருமில்ல?” அண்ணன் பெருமூச்சு விட்டார். “நீ சொல்றது ஞாயந்தான். டிரைவரு ஒருத்தரப் போட்டுக்கிருவோம். ஆனா அத யாரு மாப்பிள்ளகிட்ட சொல்றது?”

என் கணவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் போன் பக்கம் குனிந்தார்.

“மச்சான், நான் இங்கதான் இருக்கேன்.”

 “மாப்பிள்ள... சாப்ட்டீகளா?” என்றார் அண்ணன்.

“இன்னும் இல்ல மச்சான். நான் ஓட்டல. டிரைவரையே போட்டுருங்க.” இவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். “அன்னைக்கு ரெண்டாவது வளைவுலயே வண்டி என் கைக்கு அடங்கலன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க ஓட்டுங்க மச்சான்னு சொல்லணும்னுதான் நெனச்சேன். வாய் வரல. நீங்க வேற, நல்லா ஓட்டுறீக நல்லா ஓட்டுறீகன்னு சொல்லிக்கிட்டே வந்தீங்க.”

 போனிலிருந்து விசும்பல் சத்தம் வந்தது. அண்ணன்தான் அழுகிறாரோ என்று பதறிப்போனேன். அவர் இல்லை. அந்தப் பக்கமும் ஸ்பீக்கரில்தான் போட்டிருந்திருக்கிறார்கள். மதினி பக்கத்திலேயே இருந்திருக்கிறார். கல்யாணம் முடிவான நாளிலிருந்து ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தவர்.

“எம்பிள்ள பொழச்சான் சாமி” என்று மதினி விக்கி விக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். “எம்பிள்ள பொழச்சான்.”